சேமிப்பக டிரைவரில் ஒரு குவர்க்கைப் பதிவு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் கர்னலின் என்விஎம்இ (பிசிஐ வழியாக இணையும் வேகமான எஸ்எஸ்டி வகை) டிரைவரில் 2300 என்று ஓர் எண் இருக்கிறது. சில கன்ட்ரோலர்களின் (டிஸ்க்கை இயக்கும் சிப்) கட்டுப்பாட்டுப் பதிவேட்டில் எழுதிய கையோடு, 'தயாரா?' என்று காட்டும் பிட்டைப் படிக்கக் கூடாது. படித்தால் கன்ட்ரோலர் குழம்பிப்போய் மீளவே மீளாது. அதனால் 2300 மில்லிநொடி பொறுத்துவிட்டுத்தான் டிரைவர் அந்தப் பிட்டைப் படிக்கிறது. அந்த எண்ணுக்கு மேலே சில வரிகளில் ஒரு குறிப்பு உண்டு. எந்த பிசிஐ அடையாள எண் கொண்ட சாதனத்துக்காக இந்தக் காத்திருப்பு என்று சொல்லிவிட்டு, இந்த அளவு சோதனை செய்து பார்த்துக் கண்டறிந்தது என்று அது முடிகிறது.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அதை எழுதியவருக்கு நான் நன்றி சொல்வேன். 2300 எந்தத் தரநிலை ஆவணத்திலும் இல்லை, தயாரிப்பாளர் கொடுத்த கணக்கும் அல்ல என்று அது தெளிவாகச் சொல்கிறது. நாளை யாராவது அதை 1000 ஆகக் குறைக்க நினைத்தால், ஆவணத்தைத் தேட வேண்டியதில்லை. அந்தச் சாதனத்தை வைத்துச் சோதிக்க வேண்டும். அந்த வாக்கியம் இல்லாவிட்டால், தொடவும் பயமாக, விடவும் மனமில்லாமல், வருடக்கணக்கில் எல்லோரும் அந்த எண்ணைச் சுற்றி வந்துகொண்டிருப்பார்கள்.

வன்பொருள் தவறாக நடந்துகொள்ளும்போது டிரைவருக்குள் நாம் செய்யும் சமாளிப்பைக் கர்னல் எழுதுபவர்கள் குவர்க் என்பார்கள். குவர்க்கின் நிரல் பெரும்பாலும் ஒரே வரிதான். அதைச் சரியாகப் பதிவு செய்வதுதான் உண்மையான வேலை. பத்து வருடம் கழித்து, அந்தச் சாதனத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் உங்கள் குறிப்பைப் படித்து, இதை நீக்கலாமா, விரிக்கலாமா, அப்படியே விடலாமா என்று முடிவெடுக்க முடிய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த ஒருவருக்காகத்தான்.

முதலில்: குவர்க்குகள் எங்கே இருக்கின்றன

லினக்ஸில் சாட்டா டிஸ்க்குகளுக்கு, அவற்றைக் கவனிக்கும் லிபேட்டா என்ற பகுதியின் மையக் கோப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. மாடல் பெயர், ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) பதிப்பு, எந்தக் கொடி (எந்தச் சமாளிப்பு வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லும் அடையாளம்) என்று ஒவ்வொரு வரியிலும் மூன்று தகவல்கள். என்விஎம்இ-க்கு இரண்டு இடங்கள் உண்டு: பிசிஐ எண்ணை வைத்துப் பொருத்தும் பட்டியல் ஒன்று, மாடல் பெயரையும் ஃபர்ம்வேரையும் வைத்துப் பொருத்தும் பட்டியல் இன்னொன்று. யுஎஸ்பி சேமிப்பகத்துக்கு 'வழக்கத்துக்கு மாறான சாதனங்கள்' என்ற பொருளில் தனிக் கோப்பே இருக்கிறது. ஸ்கஸி என்ற இன்னொரு டிஸ்க் இணைப்பு முறைக்கும் ஒரு பட்டியல். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்திலும் ஏட்டா (சாட்டாவுக்கு அடிப்படையான கட்டளை முறை), ஸ்கஸி டிஸ்க் டிரைவர்களுக்குள் இதே மாதிரி அட்டவணைகள் உண்டு. நான் லினக்ஸை வைத்தே பேசுகிறேன். முறை எல்லா இடத்துக்கும் ஒன்றுதான்.

எழுத ஆரம்பிக்கும் முன் நீங்கள் தொடப்போகும் பட்டியலை முழுவதுமாக ஒருமுறை படியுங்கள். அரை மணி நேரம் ஆகும். உங்கள் சாதனத்துக்கு அண்ணன் தம்பிகள் அதில் ஏற்கெனவே இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 1: தவறு வன்பொருளில்தானா?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

2015-ல் அல்கோலியா என்ற தேடல் நிறுவனத்தின் சர்வர்களில் கோப்புகளின் நடுவே திடீர் திடீரென்று சில பகுதிகள் வெறும் பூஜ்ஜியங்களாக மாறின. தேடித் தேடிப் பார்த்ததில், டிரிம் கட்டளை (இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) ஓடும்போதுதான் இது நடக்கிறது என்று தெரிந்தது. பாதிக்கப்பட்டவை எல்லாம் சாம்சங் எஸ்எஸ்டிகள். அதே நேரத்தில் கர்னலில், சாம்சங் 800 வரிசை எஸ்எஸ்டிகளுக்கு வரிசைப்படுத்திய டிரிமை (மற்றக் கட்டளைகளோடு வரிசையில் சேர்த்து அனுப்பும் டிரிம்) தடுக்கும் ஒரு குவர்க்கும் சேர்ந்திருந்தது. எவருக்கும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு என்று சொல்லத் தோன்றும். ஆனால் அல்கோலியாவின் சர்வர்கள் வரிசைப்படுத்திய டிரிமைப் பயன்படுத்தவே இல்லை. கடைசியில் சாம்சங் பொறியாளர்களே ஆராய்ந்து, தவறு லினக்ஸ் கர்னலில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ரெய்டு அமைப்பில் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்துவது) ஒரு டிரிம் கோரிக்கையை இரண்டாகப் பிரிக்கும்போது, பிரிந்த துண்டுகள் உள்ளே ஒரே தரவு அமைப்பைப் பகிர்ந்துகொண்டு ஒன்றை ஒன்று கெடுத்துக்கொண்டிருந்தன. டிஸ்க்குக்குத் தவறான முகவரி போனது. டிஸ்க் சொன்னதைச் செய்தது.

இதில் கவனிக்க வேண்டியது, சாம்சங்கின் வரிசைப்படுத்திய டிரிம் கோளாறும் உண்மை, கர்னல் பக்கும் உண்மை. இரண்டும் வேறு வேறு. அறிகுறி ஒரே மாதிரி இருந்ததால் ஒன்று மற்றொன்றை மறைத்தது. அந்த நேரத்தில் யாராவது 'சாம்சங்கில் டிரிம் தரவை அழிக்கிறது' என்று மொட்டையாக ஒரு குறிப்பை எழுதியிருந்தால், அது இன்றைக்கும் தவறான செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே டிஸ்க்கை வேறு மதர்போர்டில் போடுங்கள். அதே போர்டில் வேறு டிஸ்க்கைப் போடுங்கள். கேபிளை மாற்றுங்கள், சாட்டாவில் பழைய கேபிள் தருகிற தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. யுஎஸ்பி பெட்டி என்றால் தனி மின்சாரம் உள்ள ஹப்பில் மாட்டிப் பாருங்கள். ஃபர்ம்வேர் பதிப்பை மாற்றி, கர்னல் பதிப்பை மாற்றி, ரெய்டு இல்லாமல் நேரடியாக என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொரு முறையும் முடிவை எழுதி வையுங்கள், 'கோளாறு வரவில்லை' என்பதையும் சேர்த்து. வராத இடங்களின் பட்டியல் வந்த இடங்களின் பட்டியலுக்குச் சமமான மதிப்புள்ளது, அதைத்தான் எல்லோரும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

படி 2: சாதனத்தைச் சரியாக அடையாளம் காட்டுங்கள்

'அந்தக் கம்பெனியின் 1 டிபி எஸ்எஸ்டி' என்பது அடையாளம் அல்ல. கடையில் ஒரே பெயரில் விற்கும் எஸ்எஸ்டிக்குள் ஆறு மாதம் கழித்து வேறு கன்ட்ரோலர் இருக்கலாம். குறைந்தது இவ்வளவும் வேண்டும்: சாதனமே சொல்லும் மாடல் பெயர், ஃபர்ம்வேர் பதிப்பு, பிசிஐ அல்லது யுஎஸ்பி தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும், பிசிஐ என்றால் துணை அமைப்பு எண்கள், சாட்டா என்றால் மறுமுனையில் இருக்கும் கன்ட்ரோலரின் எண், அப்புறம் மதர்போர்டு அல்லது லேப்டாப் மாடலும் பயாஸ் பதிப்பும்.

மாடல் பெயரைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். ஏட்டாவிலும் என்விஎம்இ-யிலும் அது 40 எழுத்து இடம், ஃபர்ம்வேருக்கு 8 எழுத்து. மீதி இடங்கள் வெற்றிடத்தால் நிரம்பியிருக்கும். நடுவில் இரட்டை இடைவெளி, ஓர் இடத்தில் சிறிய எழுத்து என்று கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்கள் இருக்கும். சாதனம் கொடுத்ததை அப்படியே நகலெடுங்கள்.

இந்த எண்களில் எதை வைத்துப் பொருத்துகிறீர்கள் என்பதும் யோசிக்க வேண்டியது. என்விஎம்இ பட்டியலில் தனித்துவ அடையாளத்தைத் தவறாகச் சொல்லும் சாதனங்களுக்கு ஒரு குவர்க் இருக்கிறது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உலகில் வேறு எதற்கும் இல்லாத ஓர் எண் இருக்க வேண்டும் என்பது விதி. சில சாதனங்கள் எல்லாவற்றிலும் ஒரே எண்ணைப் போட்டு வருகின்றன. அப்படி இரண்டை ஒரே கணினியில் மாட்டினால் கர்னலுக்கு எது எதுவென்று தெரியாது. அந்தப் பட்டியலில் மேக்ஸியோவின் எம்ஏபி1001 போன்ற கன்ட்ரோலர் பெயர்களைப் பார்க்கலாம். அந்த பிசிஐ எண் சிப்புக்கு உரியது. அதே சிப்பை வாங்கி எத்தனையோ பிராண்டுகள் தங்கள் பெயரில் எஸ்எஸ்டி விற்கின்றன. பிசிஐ எண்ணை வைத்துப் பொருத்தினால் அத்தனை பேர் மீதும் குவர்க் விழும். அது சரியாகவும் இருக்கலாம், அநியாயமாகவும் இருக்கலாம். எந்த எண்ணம் கொண்டு அப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2017-ல் என்விஎம்இ சாதனங்கள் தாமாகவே மின்சேமிப்பு நிலைக்குப் போகும் ஏபிஎஸ்டி என்ற வசதி லினக்ஸில் வந்தபோது, சில சாம்சங் சாதனங்கள் ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய் பிசிஐ பஸ்ஸிலிருந்தே (சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் பாதை) காணாமல் போயின. டிரைவரில் அதற்கு எழுதிய குறிப்பை நான் புதியவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவேன். எஸ்எம்951, பிஎம்951, 950 ப்ரோ என்று பார்த்த மாடல்களைக் கொள்ளளவோடு பட்டியலிடுகிறது. பிறகு, இது இரண்டு டெல் லேப்டாப்களில் மட்டும் நடப்பதாகத் தெரிகிறது என்கிறது. நிரலும் அதே மாதிரி, எஸ்எஸ்டியின் எண்ணோடு லேப்டாப்பின் பெயரையும் சேர்த்துச் சரிபார்க்கிறது. 'தெரிகிறது' என்ற சொல்லைக் கவனியுங்கள். பார்த்த அளவுக்குச் சொல்லி, பார்க்காததை உறுதி போல் சொல்லவில்லை.

யுஎஸ்பி பட்டியலில் ஒரு சாதனத்தின் எந்தத் திருத்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை என்று எல்லை கொடுக்க இடம் இருக்கிறது. அதில் 0000 முதல் 9999 வரை என்று போட்ட வரிகள் ஏராளம். எழுதியவர் எல்லாப் பதிப்புகளையும் பார்த்துவிட்டுப் போட்டாரா, எதற்கு வம்பு என்று போட்டாரா என்பது பிறகு படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. நீங்களும் அப்படிப் போடலாம், தவறில்லை. ஆனால் 'நான் பார்த்தது 0100 மட்டும்' என்று மேலே எழுதிவிட்டுப் போடுங்கள்.

படி 3: எவ்வளவு சிறிய தடை போதும்?

ஒவ்வொரு குவர்க்கும் யாரிடமிருந்தோ எதையோ பறிக்கிறது: வேகம், பேட்டரி நேரம், எஸ்எஸ்டியின் ஆயுள். ஆகவே மிகச் சிறிய தடையிலிருந்து தொடங்கிச் சோதியுங்கள். ஆழ்ந்த உறக்க நிலையை மட்டும் தடுத்தால் போதுமா, எல்லா மின்சேமிப்பையும் தடுக்க வேண்டுமா? வரிசைப்படுத்திய டிரிமை மட்டும் நிறுத்தினால் போதுமா, என்சிக்யூ (பல கட்டளைகளை ஒரே நேரத்தில் கொடுக்கும் வசதி) முழுவதையும் நிறுத்த வேண்டுமா?

சாம்சங் 800 வரிசையின் கதையை இங்கே முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 2015-ல் 850 ப்ரோவில் பார்த்த அதே கோளாறு, 840 ஈவோவின் ஒரு ஃபர்ம்வேர் புதுப்பிப்புக்குப் பிறகு அதிலும் தலைகாட்டியது. ஆகவே கோளாறு ஒரு மாடலுக்கு மட்டும் உரியதல்ல, பொதுவானது என்று முடிவு செய்து, '8 என்று தொடங்கும் எல்லாம்' என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டு, வரிசைப்படுத்திய டிரிமைத் தடுத்தார்கள். பிறகு 860 வரிசை வந்தது. அதில் இந்த வசதி லினக்ஸில் ஆதரிக்கப்படுகிறது என்று சாம்சங் சொன்னதன்பேரில், தடையை 840, 850 இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். 2021-ல் 860, 870 இரண்டும் பட்டியலுக்குத் திரும்பி வந்தன. இன்டெல், ஏஎஸ்மீடியா, மார்வெல் கன்ட்ரோலர்களோடு பயன்படுத்திய பலர் கோளாறு இருப்பதாகச் சொன்னார்கள், வரிசைப்படுத்திய டிரிமை நிறுத்தினால் எல்லோருக்கும் சரியானது.

அதோடு முடியவில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் பழைய ஏடிஐ எண் கொண்ட சாட்டா கன்ட்ரோலர்களில் நிலைமை இன்னும் மோசம். என்சிக்யூ முழுவதையும் நிறுத்தினால்தான் தீர்ந்தது. என்சிக்யூ என்பது பல கட்டளைகளை ஒரே நேரத்தில் டிஸ்க்கிடம் கொடுத்து, அது தன் வசதிப்படி முடித்துத் தர விடுவது. அதை எல்லோருக்கும் நிறுத்தினால் நல்ல கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களின் வேகமும் போகும். ஆகவே 'ஏடிஐ கன்ட்ரோலரோடு சேரும்போது மட்டும் என்சிக்யூ வேண்டாம்' என்று புதிய கொடி ஒன்றை உருவாக்கினார்கள்.

இத்தனை திருப்பங்களையும் என்னால் இப்படிக் கோவையாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு கமிட்டும் (நிரலில் பதிவாகும் ஒரு மாற்றமும் அதன் விளக்கமும்) முந்தைய கமிட்டைச் சுட்டி, அப்போது ஏன் அப்படிச் செய்தார்கள், இப்போது என்ன புதிதாகத் தெரிந்தது, அதற்கு எது விலை என்று எழுதியிருப்பதுதான். யாரும் யாரையும் முட்டாளாக்கவில்லை. கையில் இருந்த தகவலுக்கு ஏற்ப எல்லை நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படி 4: கொடிக்குப் பெயர் வையுங்கள்

இருக்கும் கொடியைப் பயன்படுத்த முடிந்தால் புதியது வேண்டாம். வேண்டும் என்றால், சாதனத்தின் நடத்தையை வைத்தோ, டிரைவர் செய்யப்போவதை வைத்தோ பெயரிடுங்கள், நிறுவனத்தின் பெயரை வைத்து வேண்டாம். 'ஆழ்ந்த உறக்க நிலை வேண்டாம்', 'தயார்நிலை பார்க்கும் முன் தாமதம்' போன்ற பெயர்கள் இன்னொரு நிறுவனத்தின் சாதனத்துக்கும் அப்படியே பொருந்தும். தாமதத்துக்கான கொடியை முதலில் எச்ஜிஎஸ்டி நிறுவனத்தின் சாதனம் ஒன்றுக்காகத்தான் கொண்டுவந்தார்கள். பிறகு மற்றவர்களின் சாதனங்களும் அதே கொடியின் கீழ் சேர்ந்தன.

படி 5: நிரலுக்குள் எழுதும் குறிப்பு

குறிப்பில் மூன்று வகை வாக்கியங்கள் வரலாம்: கண்ணால் பார்த்தது, அதிலிருந்து முடிவு செய்தது, ஊகம். மூன்றையும் எழுதலாம், ஆனால் எது எந்த வகை என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஒரு கற்பனைச் சாதனத்தை வைத்துப் பார்ப்போம். அதன் ஆழ்ந்த உறக்க நிலையின் எண் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறோம்:

> இந்த எஸ்எஸ்டி மோசம். ஆழ்ந்த உறக்கம் வேண்டாம்.

எழுதியவருக்கு அன்றைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மறுநாள் காலைக்குள் பாதி மறந்துபோயிருக்கும். அதையே இப்படி எழுதலாம்:

> ஃபர்ம்வேர் 1.03: லேப்டாப்பைத் தூங்கவைத்து எழுப்பினால் சில நேரம் சாதனம் பஸ்ஸில் இருப்பதில்லை, எந்தப் பதிவேட்டைப் படித்தாலும் எல்லாப் பிட்டும் 1. இரண்டு வேறு லேப்டாப் மாடல்களில் பார்த்தோம். நிலை 4-ஐத் தவிர்த்தால் 200 முறை தூங்கவைத்து எழுப்பியும் கோளாறு இல்லை. தவிர்க்காவிட்டால் 20 முறைக்குள் வந்துவிடுகிறது. ஃபர்ம்வேர் 1.05-ல் இதே சோதனையில் வரவில்லை, அதனால் 1.03-க்கு மட்டும் பொருத்தியிருக்கிறோம். நிலை 4-லிருந்து திரும்ப ஆகும் நேரத்தைச் சாதனம் குறைத்துச் சொல்கிறது என்பது எங்கள் ஊகம், அளந்து பார்க்கவில்லை.

இதில் அறிகுறி இருக்கிறது, எத்தனை முறை சோதித்தோம் என்பது இருக்கிறது, எல்லை ஏன் அங்கே என்பதும் இருக்கிறது. 'அளந்து பார்க்கவில்லை' என்ற இரண்டு சொற்கள் அடுத்து வருபவருக்கு அடுத்த வேலையையே கையில் கொடுக்கின்றன.

உண்மையான டிரைவரிலும் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. லைட்ஆன் சிஎல்1 வரிசை எஸ்எஸ்டி ஒன்றுக்கு எழுதிய குறிப்பு, இந்தக் குறிப்பிட்ட ஃபர்ம்வேரில் உறக்கத்துக்குப் போகும்போது இரண்டு செயல்கள் முந்திக்கொள்ளும் கோளாறு இருக்கிறது, பின்வந்த ஃபர்ம்வேரில் நிறுவனம் அதைச் சரிசெய்துவிட்டது என்கிறது. பொருத்தமும் 22301111 என்ற அந்த ஒரே ஃபர்ம்வேருக்கு மட்டும்தான். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தவருக்குக் குவர்க் தானாகவே விலகிவிடும்.

சில நேரம் குறிப்பு நீளமாக வேண்டியிருக்கும். லிபேட்டா பட்டியலில், டிரிம் செய்த இடத்தைப் படித்தால் நிச்சயம் பூஜ்ஜியம் தரும் எஸ்எஸ்டிகளுக்கு ஒரு பகுதி இருக்கிறது. 'நான் பூஜ்ஜியம் தருவேன்' என்று டிஸ்க்கே சொல்லும்போது தனிப் பட்டியல் எதற்கு என்று படிப்பவர் கேட்பார். அதற்கு மேலேயே பதில் இருக்கிறது: அந்த வாக்குறுதி டிரிம் கட்டளை நிறைவேறினால்தான் செல்லும், டிரிமோ ஓர் ஆலோசனை மட்டுமே, டிஸ்க் அதை முழுவதுமாகவோ கொஞ்சமாகவோ சொல்லாமலே விட்டுவிடலாம். தரநிலை ஆவணத்தின் சொற்களுக்கும் நடைமுறைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைப் புரிய வைக்க ஒரு பத்தி தேவை என்றால் ஒரு பத்தி எழுதுங்கள். ஒரே வரியில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குவர்க் எந்தச் சூழ்நிலையில் வேலை செய்கிறது என்பதையும், ஏன் அந்தச் சூழ்நிலை என்பதையும் மறக்காதீர்கள். 2300-ஐப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? 2016-ல் அந்தத் தாமதம் முதலில் வந்தபோது, சாதனத்தை முதன்முதலாகக் கண்டறியும் நேரத்தில் இது தேவைப்படாது என்று நினைத்து, அந்த நேரத்தில் மட்டும் விலக்கு கொடுத்திருந்தார்கள். சில மாதங்களில் அதே பொறியாளர் திரும்பி வந்து விலக்கை நீக்கினார். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கணினியைத் திரும்ப இயக்கி, துவக்கி மென்பொருளாக ஓடிய ஒரு லினக்ஸிலிருந்து இன்னொரு லினக்ஸுக்கு வேகமாகத் தாவினால், சாதனம் பாதி விழித்த நிலையில் மாட்டிக்கொள்கிறது என்று சோதனையில் தெரிந்தது. நமது பழைய அனுமானம் அதிக நம்பிக்கையோடு எடுத்தது என்று கமிட் செய்தியிலேயே ஒத்துக்கொண்டார். அந்த நேர்மையால்தான் விலக்கை நீக்கியது ஏன் என்று இன்றைக்கும் எல்லோருக்கும் புரிகிறது.

படி 6: கமிட் செய்தி

நிரலுக்குள் இருக்கும் குறிப்பு சுருக்கம் என்றால், கமிட் செய்தி முழு வழக்குக் கட்டு. சோதனைகளின் பட்டியல், வராத இடங்கள், முயன்று தோற்ற மற்ற வழிகள், குவர்க்கால் இழப்பது என்ன, எல்லாம் இங்கே வரலாம். கர்னல் பதிவிலிருந்து தொடர்புடைய பத்துப் பதினைந்து வரிகளை அப்படியே ஒட்டுங்கள். அதே பிழைச் செய்தியைத் தேடி நாளை ஒருவர் வருவார், அவர் கண்ணில் உங்கள் கமிட் படும். யுஎஸ்பி பட்டியலின் தொடக்கத்தில், புது வரி சேர்ப்பவர் தம் பேட்ச் (அனுப்பும் நிரல் திருத்தம்) ஓடும் நிலையில் கர்னல் காட்டும் சாதன விவரத்தின் நகலையும் அனுப்ப வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எந்தப் பட்டியலுக்கும் நல்ல பழக்கம் அது.

புகார் செய்தவர், சோதித்துப் பார்த்தவர், பக் பதிவின் முகவரி, எந்தக் கமிட்டைத் திருத்துகிறது, பழைய நிலையான பதிப்புகளுக்கும் போக வேண்டுமா ஆகியவற்றுக்கு என்று கமிட் செய்தியின் முடிவில் வால்வரிகள் இருக்கின்றன. அவற்றை விடாதீர்கள். இணைய முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு 'விவரம் அங்கே' என்று முடிப்பதை நான் ஏற்கமாட்டேன். முகவரிகள் சாகும், கமிட் இருக்கும். அங்கே இருக்கும் முக்கியமான தகவலை இங்கேயும் நாலு வரியில் எழுதுங்கள்.

ஒட்டுவதற்கு முன் சீரியல் எண்ணை மறையுங்கள். வேறொருவர் அனுப்பிய பதிவு என்றால் கணினிப் பெயர், பயனர் பெயர் எல்லாவற்றையும் பாருங்கள். நம்பி அனுப்பியிருக்கிறார்.

படி 7: பயனருக்குத் தெரியட்டும்

நடத்தையை மாற்றும் குவர்க் என்றால், சாதனம் கண்டறியப்படும்போது கர்னல் பதிவில் ஒரு வரி எழுதுங்கள். ஒரே ஒரு முறை போதும். என்ன மாற்றினோம், எதற்காக என்று அதில் இருக்கட்டும். தன் எஸ்எஸ்டி ஏன் மெதுவாக ஓடுகிறது என்று தேடுபவர் மணிக்கணக்கில் அலையாமல் அந்த வரியில் வந்து நிற்பார்.

கர்னலை மறுபடி கட்டாமலே குவர்க்கைப் போடவும் எடுக்கவும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். லிபேட்டாவுக்குத் துவக்க வரியில் கொடுக்கும் ஃபோர்ஸ் அளவுருவும், யுஎஸ்பி சேமிப்பகத்துக்குக் குவர்க்ஸ் அளவுருவும் இதற்காகவே இருக்கின்றன. ஏடிஐ கொடியைச் சேர்த்தபோதே அதை இயக்கவும் நிறுத்தவும் இரண்டு சொற்களை அந்த அளவுருவில் சேர்த்தார்கள். கர்னல் அளவுருக்களுக்கான ஆவணத்திலும் எழுதினார்கள். அப்படி ஒரு வழி இருந்தால் கோளாறு உள்ளவர்கள் உங்களுக்கு உடனே சோதித்துச் சொல்வார்கள். பேட்ச் போட்டுக் கர்னல் கட்டச் சொன்னால் பத்துப் பேரில் ஒருவர் வருவதே அபூர்வம்.

படி 8: எடுக்கும் வழியையும் எழுதுங்கள்

2015 மேக்புக்கில் இருந்த ஆப்பிள் என்விஎம்இ கன்ட்ரோலர் ஒன்று, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டளைகளைக் கொடுத்தால் தடுமாறித் தானே மறுதொடக்கம் ஆனது, தரவும் போனது. டிரைவரில் கட்டளை வரிசையின் ஆழத்தை 2 ஆகக் குறைத்து, மேலே 'தற்காலிகத் தீர்வு' என்று எழுதினார்கள். ஆழம் 2 என்றால் நடைமுறையில் ஒரு நேரத்தில் ஒரு கட்டளைதான். வருடங்கள் ஓடின. 2024-ல் வேறொரு நிறுவனத்தின் சாதனத்துக்கும் இதே தேவை வந்தபோது, இரண்டுக்கும் பொதுவாக ஒரு கொடியை உருவாக்கினார்கள். அந்தக் கமிட் செய்தியில், இந்த ஆப்பிள் குவர்க் தற்காலிகமானது அல்ல என்பது தெளிவாகிவிட்டது, ஆகவே இடம் மாற்றும்போதே குறிப்பையும் திருத்துகிறேன் என்று எழுதியிருக்கிறது. பராமரிப்பு என்றால் இதுதான். பொய்யாகிவிட்ட ஒரு சொல்லைக் கண்டதும் திருத்துவது.

நீங்கள் 'தற்காலிகம்' என்று எழுதுவதற்குப் பதில், எது நடந்தால் இதை நீக்கலாம் என்று எழுதுங்கள். 'ஃபர்ம்வேர் 1.05-க்கு மேல் தேவையில்லை', 'மறுதொடக்கப் பகுதியைத் திருத்தி எழுதியபின் மறுபடி சோதிக்கவும்', 'நீக்குவதற்கான வழி எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை' என மூன்றில் எதுவானாலும் சரி.

யுஎஸ்பி சேமிப்பக டிரைவர் இதில் ஒரு படி மேலே போகிறது. பட்டியலில் உள்ள ஒரு சாதனத்தை மாட்டும்போது, அதற்கு எழுதிய நெறிமுறை விவரமும் சாதனமே சொல்லும் விவரமும் ஒன்றாக இருந்தால், 'பட்டியலில் இந்தச் சாதனத்துக்கு உள்ள இந்தப் பகுதி தேவையில்லை, இந்தச் செய்தியின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள்' என்று கர்னல் பதிவில் கேட்டுக்கொள்கிறது. தன்னை நீக்கச் சொல்லித் தானே விண்ணப்பிக்கும் குவர்க். எல்லா இடத்திலும் இதைச் செய்ய முடியாது. முடிகிற இடத்தில் செய்துவிடுங்கள்.

அனுப்புவதற்கு முன்

பேட்சை ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டுத் திரும்பப் படியுங்கள். அந்தச் சாதனத்தைப் பற்றி எதுவும் தெரியாத நண்பர் ஒருவரிடம் குறிப்பை மட்டும் காட்டி, 'இதை எப்போது நீக்கலாம்? எந்தெந்தச் சாதனத்தைத் தொடும்? காரணம் உறுதியா, ஊகமா?' என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் ஒரு வாக்கியம் குறைகிறது.

கோளாறுள்ள டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், திருப்பிக் கொடுக்காதீர்கள், முக்கியமாக அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காதீர்கள். பழைய ஃபர்ம்வேரோடு இருக்கும் அந்த ஒரு டிஸ்க்கில்தான் நாளை மறுசோதனை செய்ய முடியும். ஒரு சிறு சீட்டில் மாடல், ஃபர்ம்வேர், கமிட் எண், 'புதுப்பிக்க வேண்டாம்' என்று நாலு வரி எழுதி அதன்மேல் ஒட்டி, மேசை இழுப்பறையில் வைத்துவிடுங்கள்.